நூல்கடை அண்ணாச்சியின் மௌன விரதம்

எங்கள் டாக்டரை முகத்துக்கு நேராக ‘மூதி’ என்று சொன்ன முதல் நோயாளி நூல்கடை அண்ணாச்சிதான். முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் நிறையப் பேர் உண்டு. அதில் நானும் ஒருத்தி.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தேன். பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து, அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். நூல்கடை அண்ணாச்சி விசைத்தறிக்காரர்களுக்கு நூல் விற்பவர். ஊரில் மதிப்பான ஆள். ஒரு நாள் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார்கள்.

சில நாட்கள் கழித்துக் கண் தெளிந்தது. டாக்டர் முகத்துக்குக் கிட்டே குனிந்து, செவிடனிடம் கேட்பதுபோல, “அண்ணாச்சி! நான் யாருன்னு தெரியுதா?” என்று கத்தினார்.

அண்ணாச்சி அவரை மேலும் கீழும் பார்த்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. “மூதி” என்றார்.

நினைவு சரியாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூதேவியைச் சுருக்கி எங்கள் பக்கத்துக்காரர்கள் செய்துவைத்த சொல் மூதி. கோபத்திலும் சொல்வார்கள், கொஞ்சும்போதும் சொல்வார்கள். ஆனால் அண்ணாச்சி மட்டும் சொல்ல மாட்டார். ஊரே தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியிருக்க, அவர் மட்டும் காதில் விழாத குரலில் பேசுவார். மூட்டை தூக்குகிறவரைக்கூட ‘வாங்க, போங்க’ என்பார். கோமதியம்மன் சன்னதியில் காலையில் பதிகம் பாடுவார். அந்த வாயிலிருந்து இந்தச் சொல் வந்ததும் கட்டிலைச் சுற்றி நின்ற குடும்பம் வெலவெலத்துப் போனது.

“திட்டல, திட்டல” என்று டாக்டர் சமாளித்தார். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டுவிட்டது என்றும், அவர் என்ன சொல்ல நினைத்தாலும் வாயில் அது ஒன்றுதான் வரும் என்றும் விளக்கினார். “சில பேருக்கு ஒத்தை வார்த்தை மட்டும் தங்கிரும். எது தங்கும்னு நாம சொல்ல முடியாது.”

“முருகான்னு தங்கியிருக்கக் கூடாதா?” என்றார் மூத்த மகன்.

இந்த மூத்த மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. பயந்தவர். அப்பா விழுந்த அன்றே கடைப் பொறுப்பு தலையில் ஏறிவிட்டது. அதோடு அப்பாவின் மரியாதையையும் காப்பாற்றியாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பின்பக்க அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார். பார்க்க வந்தவர்களிடம், “அப்பா மௌன விரதம் இருக்காக. யாரையும் பாக்க மாட்டாக” என்று ஒரு போடு போட்டார். ஊர் அதை நம்பியது. நம்பியதோடு நிற்காமல் மரியாதையும் கூடிவிட்டது. சில பேர் வாசலில் நின்று அறை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே அந்த மௌன முனிவருக்கு நான் பெட்பேன் வைத்துக்கொண்டிருப்பேன்.

காலையிலும் சாயங்காலமும் நான் போய்ப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் ஏற்பாடு செய்திருந்தார். முதல் நாளே மகன் என்னை முற்றத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“சிஸ்டர், அந்த வார்த்தை மட்டும் வராம இருக்க ஊசி கீசி எதுவும் இருக்கா?”

“இருந்தா எங்க டாக்டருக்குத்தான் மொதல்ல போட்டிருப்பேன்” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணாச்சியைக் கவனித்துக்கொண்டது நானும் அவர் மனைவியும்தான். அந்த அம்மாவுக்கு மெல்லிய உடம்பு, கனத்த குரல். ஆரம்பத்தில் என்னோடு ஓயாத சண்டை. நான் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, மோவாயைத் தாழ்த்தி, நல்ல பக்கத்து வாயில் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கச் சொல்வேன். அந்த அம்மா நான் திரும்பினதும் டம்ளரோடு காப்பியை வாயில் சாய்ப்பார். அண்ணாச்சிக்குப் புரையேறி முகம் கறுத்துப்போகும்.

“ஏட்டி, காப்பி இல்லாம இவுக ஒருநாளும் இருந்ததில்ல!”

“இப்படிக் குடுத்தா காப்பி மட்டும்தாம்மா இருக்கும். இவுக இருக்க மாட்டாக.”

‘நர்சு’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா என்னை முதன்முதலில் ‘ஏட்டி’ போட்டது அந்தச் சண்டையில்தான். சண்டை ஓய்ந்த பிறகும் அது ஓயவில்லை.

இடுப்பில் படுக்கைப் புண் வந்திருந்தது. ஆளை மாற்றி மாற்றிப் புரட்டிப் போட வேண்டும். துடைக்க வேண்டும், உடுத்திவிட வேண்டும். பிற பெண்ணைத் தலை நிமிர்ந்து பார்த்தறியாத மனிதர், முன்பின் தெரியாத ஒருத்தி வேட்டியை அவிழ்க்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். மூடிய கண்ணோரத்தில் தண்ணீர் வரும். “மூதி... மூதி...” என்று முனகுவார். வெட்கத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து ஓயாமல் பேசுவது. கத்தரிக்காய் விலை, தென்காசி ரயில் வந்த லட்சணம், எங்கள் டாக்டர் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த கதை என்று எதையாவது பேசிக்கொண்டே வேலையை முடித்துவிடுவேன். அந்த அம்மா வாசலில் நின்று, “இவ வாயிக்குப் பயந்தே நீங்க எந்திச்சு ஓடிருவிய” என்பார்.

புண் ஆறியது. எனக்கு ஒரே பெருமை. டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். அவரும் தட்டிக்கொடுத்தார். ஆனால் புண்ணுக்குச் சொந்தக்காரர் ஆறவில்லை. அந்த வாரத்திலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சியை வைத்தால் வாயை இறுக்கிக்கொண்டார். அந்த ஒற்றைச் சொல்லும் நின்றுபோனது. மௌன விரதம் உண்மையாகவே தொடங்கிவிட்டது. நான் படித்த பாடத்தில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டாக்டர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். அதைக் குடித்து மூத்த மகனுக்கு நன்றாகப் பசி எடுத்தது.

அப்போதுதான் ஒரு நாள் காலையில் அண்ணாச்சி இடது கையால் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை விட்டுத்தள்ளுங்கள். பிறகுதான் புரிந்தது, கன்னத்தில் முள்ளுமுள்ளாக இருந்தது. மனிதர் சவரம் கேட்கிறார். ஆஸ்பத்திரியில் கிடந்த நாளிலிருந்து யாரும் அவருக்குச் சவரம் செய்யவில்லை. நானும்தான். புண்ணைப் பார்த்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

வழக்கமாகச் சவரம் செய்பவரை அழைத்துவந்தார்கள். விரதத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று மகன் அவரிடம் சொல்லியே உள்ளே விட்டார். அவரும் பயபக்தியோடு சோப்பைக் குழைத்துப் பூசி, ஒரு பக்கம் முழுவதும் மழித்து முடித்தார். கத்தி இதமாக இருந்திருக்க வேண்டும். அண்ணாச்சி நன்றியோடு அவர் முகத்தைப் பார்த்து, பல நாள் கழித்து வாயைத் திறந்தார்.

“மூதி.”

கத்தி அந்தரத்தில் நின்றது. “எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த வீட்டுக்கு வாரோம். ஒரு சொல்லு கேட்டதில்ல. இன்னைக்கு வெரதத்தை முறிச்சு எனக்கு இதைச் சொல்லணுமா?” என்று பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். மகன் பின்னாலேயே தெரு வரைக்கும் ஓடினார்.

மிச்சப் பாதியை நான் மழித்தேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் மழித்துப் பழக்கம் உண்டு, ஆனால் முகத்தில் இல்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கொண்டுவந்து முன்னால் பிடித்தார். ஒரு பக்கம் பளபளவென்றும், இன்னொரு பக்கம் ஆடு மேய்ந்ததுபோலவும் இருந்தது. அண்ணாச்சி கண்ணாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “மூதி” என்றார். இந்தத் தடவை அது எனக்கேதான், சந்தேகமே இல்லை. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

சவரக்காரர் வெளியில் போய் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த சந்தை நாளில் கடையநல்லூரிலிருந்து ஒரு பாய் வந்து இறங்கினார். அண்ணாச்சியிடம் நூல் வாங்கி, தன் ஊரில் தறி போட்டுக் கைலி நெய்து விற்பவர். இரண்டு பேருக்கும் இளவட்டக் காலத்துப் பழக்கம். பெருத்த உடம்பு, மல் துணி ஜிப்பா, அத்தர் மணம். சவுதியிலிருந்து தன் மகன் அனுப்பிய டேப் ரெக்கார்டரைக் குழந்தையைப்போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“அப்பா மௌன விரதம்...” என்று மகன் ஆரம்பித்தார்.

“யாரு, அவனா?” என்று பாய் சிரித்தார். “ஒதுங்கு மக்கா.”

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார். பாயைக் கண்டதும் முகம் அப்படியே உடைந்தது. “மூதி! மூதி! மூதி!” என்று குழறிக்கொண்டு அழுதார்.

“நீதாம்வே மூதி!” என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “விழுந்து கெடக்கது நீ, திட்டு எனக்கா?”

“மூதி!”

“சொல்லி அனுப்பலேன்னா எனக்கு எப்படிவே தெரியும்? இவன்தான் ஒன்னை முனிவராக்கி வச்சிருக்கானே!”

“மூதி” என்றார் அண்ணாச்சி, மகனைப் பார்த்து.

பாய் தொடை தட்டிச் சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்து நாங்கள் கேட்டது அன்றுதான். கோணல் வாயில் எச்சில் வழியச் சிரித்தார். நான் துடைத்துவிட்டேன், மறுபடியும் வழிந்தது.

அந்த அம்மா பாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அண்ணே, இவுக வாயில இந்த வார்த்தை எப்படி வந்திச்சு? நாங்க ஒருநாளும் கேட்டதில்லையே.”

பாய்க்கு ஆச்சரியம். “நெசமாவா? நாங்க ரெண்டு பேரும் தனியா இருந்தா இவன் வேற பேச்சே பேச மாட்டானேம்மா! இதாவது பரவால்ல. மத்ததெல்லாம் பொம்பளையாளு முன்னால சொல்ல முடியாது.”

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போனார். நான் பின்னால் போனேன். அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புருஷன் கெட்ட வார்த்தை பேசினவர் என்று தெரிந்து வருத்தப்படுகிறார் என்று நினைத்து, ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

“வாங்க, போங்க, சாப்பிடலாமா, படுக்கலாமா. இம்புட்டுத்தாம்டி எங்கிட்ட பேசினது இத்தனை வருசமும். கடைக்கு வந்த கஸ்டமரு மாதிரி மரியாதை. நல்ல பேச்செல்லாம் கடையநல்லூருக்குப் போயிருக்கு!”



அன்று ராத்திரிக் கஞ்சியை அந்த அம்மாவே கொண்டுபோனார். வழக்கம்போல அண்ணாச்சி “மூதி” என்றார். அம்மா கரண்டியை நீட்டிக்கொண்டே, “நீரு மூதி. வாயைத் தொறவும்” என்றார். அண்ணாச்சி அதிர்ச்சியில் வாயைப் பிளந்தார். கஞ்சி உள்ளே போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு வேளை சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. கிண்ணம் காலியாகிக்கொண்டிருந்ததால் நான் குறுக்கிடவில்லை.

பாய் சந்தை நாள் தவறாமல் வந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது எல்லாம் அவர் வந்தபோதுதான் சுளுவாக நடந்தது. “எந்திரிவே, சவம் மாதிரி உக்காந்திருக்கே” என்பார். அண்ணாச்சி கோபத்தில் எழுந்துவிடுவார். நான் “மெதுவா, மெதுவா” என்று பின்னால் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் பாய் டேப் ரெக்கார்டரில் நாகூர் பாட்டு ஒன்று போட்டிருந்தார். நான் அண்ணாச்சிக்குக் கையை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மெல்லிய குரல் ஒன்று பாட்டோடு சேர்ந்து வந்தது. பாய் பாடுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். பாய் வாயைத் திறந்தபடி அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சிதான் பாடிக்கொண்டிருந்தார், சொல்லோடு, பிசகாமல்! பட்டையாகத் திருநீறு பூசிய நெற்றியும், அரபுச் சொல் கலந்த பாட்டுமாக. பாட்டு முடிந்ததும் “எப்படிங்கய்யா?” என்று கத்தினேன். “மூதி” என்றார்.

பேச முடியாத சிலருக்குப் பாட்டு வரும், அது மூளையில் வேறு இடத்தில் இருக்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது.  மகன் கடையிலிருந்து ஓடிவந்தார். கண்ணில் தண்ணீர், கூடவே கவலை. “பாய், தப்பா நெனைக்காதீங்க. நம்ம பதிகம் வருமான்னு பாத்துக்கிடலாமா?” அந்த அம்மா பதிகத்தின் முதல் வரியை எடுத்துக்கொடுத்தார். அண்ணாச்சி அதையும் முழுக்கப் பாடிவிட்டார்.

மகனுக்குத் தலைகால் புரியவில்லை. “விரதம் முடிஞ்சிட்டு” என்று ஊருக்கு அறிவித்து, வெள்ளிக்கிழமை வீட்டில் பூசைக்குப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டுவிட்டார். நான் வேண்டாம் என்றேன். “பாட்டு மட்டும் பாடிட்டு உள்ள போயிருவாக. யாரு பேச்சுக் குடுக்கப் போறா?” என்றார்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. கோயில் காரியங்களில் முன்னால் நிற்கும் ஒரு மிராசுதார் நடுவில் உட்கார்ந்திருந்தார். பாய் கதவோரத்தில் ஒரு நாற்காலியில் இருந்தார். அண்ணாச்சியைச் சாய்வு நாற்காலியில் கொண்டுவந்து வைத்தோம். சவரம் செய்து, பட்டுக்கரை வேட்டி கட்டி, ஆள் மாப்பிள்ளைபோல இருந்தார். பதிகத்தைத் தொடங்கினார். குரல் முன்னைவிடக் கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஒரு சொல் விடவில்லை. நான் சர்ச்சுக்குப் போகிறவள். நானே கைகூப்பிவிட்டேன். பாதிப் பேர் அழுதார்கள்.

முடிந்ததும் மகன் நாற்காலியை நகர்த்தப் போனார். அதற்குள் மிராசுதார் எழுந்து, கும்பிட்டபடி அண்ணாச்சி முன்னால் வந்து நின்றார். “அம்பாளே பேசினாப்பல இருந்திச்சு அண்ணாச்சி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்.”

ஒரு வார்த்தைதான் கேட்டார். மகன் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி கலங்கிய கண்ணோடு, மனம் உருகி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“மூதி.”

 பக்கத்துத் தெருத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒருவர், “சித்தர்மாரு இப்படித்தான் ஏசுவாகளாம்” என்று பக்தியோடு கிசுகிசுத்தார். மகன் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். அதையே பிடித்துக்கொண்டு அப்பாவைச் சித்தராக்கிவிடுவார்போல இருந்தது.

அந்த அம்மா தூணுக்குப் பின்னாலிருந்து கூடத்துக்கு வந்தார். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் அவர் வந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

“சித்தரும் கெடையாது, வெரதமும் கெடையாது. வாதம் வந்து பேச்சு போயிட்டு. மிச்சம் கெடக்கது அந்த ஒத்தை வார்த்தைதான். வாங்கன்னாலும் அதுதான், நல்லா இருக்கேன்னாலும் அதுதான். அதை வச்சுத்தான் எங்கிட்ட குடும்பம் நடத்துதாக. வாரவுக அதுக்குத் தக்கன வாங்க.”

எல்லோரும் மிராசுதாரைப் பார்த்தார்கள். அவர் கை இன்னும் அண்ணாச்சியின் கைக்குள் இருந்தது. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு, “இதுக்கு என்ன? எங்க வீட்ல எனக்கு இது காலைக் காப்பியோட கெடைக்கும்” என்றார்.

கதவோரத்தில் பாய் வெடித்துச் சிரித்தார். கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. மகன் மட்டும் பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தார். “எல்லாரும் அப்பாவைக் கேலி பண்ணிருவாகன்னு பயந்துட்டேன் சிஸ்டர்” என்றார். அவரை வைது தள்ள வேண்டும் என்று பல நாள் யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். மனிதரை யாரும் கவனிக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகத்திலும் பல நாள் சவரம் இல்லை.

மறுவாரம் அவரே அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போனார். காலையில் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வருகிறவர்களை அண்ணாச்சி அந்த ஒரே சொல்லால் வரவேற்றார். தறிக்காரர்கள் அதைக் கேட்பதற்காகவே அந்தப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினார்கள். கோபித்துக்கொண்டு போன சவரக்காரரும் திரும்பி வந்தார். இடது கையால் சாப்பிடவும், கம்பை ஊன்றித் தெருமுனை வரைக்கும் நடக்கவும் அண்ணாச்சி பழகிக்கொண்டார். இன்னொரு சொல் மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை. நாங்களும் அதற்காக மெனக்கெடவில்லை.

எனக்கு அரசாங்க உத்தரவு வந்து வேறு ஊருக்குப் போய்விட்டேன். சில வருஷம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். லீவு போட்டுக்கொண்டு போனேன். அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவிலேயே நான் இளைத்துவிட்டதாகத் திட்டினார்.

பாய் சந்தை நாளில் அந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. கூடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, எதிரே அந்த அம்மாவுக்கு ஒரு மணைப்பலகை. இரண்டு பேரும் அண்ணாச்சியைப் பற்றி மணிக்கணக்கில் குறை சொல்வார்கள். பாய்க்குச் சர்க்கரை ஏறிவிட்டதால் அம்மா அவருக்குச் சீனி போடாத காப்பி கொடுப்பார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் எட்டிப் பார்ப்பேன். பாயின் காலைப் பார்த்து, செருப்பு கடித்த புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து எனக்குத் தெரிந்த குறைகளையும் சொல்லிவிட்டு வருவேன்.